விஜயநாராயணத்துக் கோபுரமும் டெல்லியின் ஐந்து துறைகளும்

நாங்குநேரிக்குத் தெற்கே போகிறவர்களுக்கு மூன்று வேலிகள் பழக்கம். விஜயநாராயணத்தில் கம்பிக் கோபுரங்களைச் சுற்றி ஒன்று. மகேந்திரகிரி அடிவாரத்தில், காவல்கிணறு பணகுடிப் பக்கம் இன்னொன்று. கூடங்குளத்தில் கடலை ஒட்டி மூன்றாவது. மூன்று வாசலிலும் துப்பாக்கிக் காவல் உண்டு, மூன்றிலும் செல்போனை எடுத்துப் படம் பிடித்தால் வம்புதான். டீக்கடையில் மூன்றுக்கும் ஒரே பெயர்: "அது மிலிட்டரி எடம்லா, அண்ணாச்சி."

உண்மையில் பாதுகாப்பு அமைச்சகத்துக்குச் சொந்தமானது விஜயநாராயணம் மட்டுமே. அது கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990 அக்டோபரில் தொடங்கப்பட்ட நிலையம். மகேந்திரகிரி இஸ்ரோவுடையது, விண்வெளித் துறை பிரதமரின் பொறுப்பில் இருக்கிறது. கூடங்குளம் அணுசக்தித் துறை, அதுவும் பிரதமரிடமே. இந்த இரண்டு வாசலிலும் காவல் நிற்பது சி.ஐ.எஸ்.எஃப். என்ற மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை, அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. நிலத் தகராறு, வேலைவாய்ப்பு, இழப்பீடு, பென்ஷன் என்று எந்த விவகாரத்தை எடுத்தாலும் முதலில் எந்த வேலிக்கு எந்த அமைச்சகம் என்று தெரிந்தால்தான் மனு சரியான மேஜைக்குப் போகும்.

குழப்பத்தின் வேர் ஒன்றுதான். பாதுகாப்பு அமைச்சகம் என்றாலே ராணுவம் என்று நினைத்துவிடுகிறோம். ராணுவம் சண்டை போடும் அமைப்பு. அமைச்சகம் என்பது அந்த ராணுவத்துக்கு ஆள், பணம், கருவி, நிலம் எல்லாவற்றையும் அரசின் சார்பில் ஒதுக்கி, அதற்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்லும் அலுவலகம். அரசமைப்புச் சட்டத்தின் 53(2)ஆம் பிரிவு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. ஆனால் அதைச் சட்டப்படியே நடத்த வேண்டும் என்று உடனே ஒரு கடிவாளமும் போடுகிறது. அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆக, பொறுப்பு அமைச்சரவையுடையது. அதை நிறைவேற்றும் கை, 1961ஆம் ஆண்டின் அலுவல் ஒதுக்கீட்டு விதிகளின்படி, பாதுகாப்பு அமைச்சகம். போர், பெரிய கொள்முதல், முக்கிய நியமனம் போன்றவை அமைச்சரவையின் பாதுகாப்புக் குழுவுக்குப் போகும். பிரதமர், பாதுகாப்பு, உள்துறை, நிதி, வெளியுறவு அமைச்சர்கள் என ஐந்து பேர் அதில் இருக்கிறார்கள். பாதுகாப்பு அமைச்சர் அந்த ஐவரில் ஒருவர், அவ்வளவுதான். அவர் நினைத்த மாத்திரத்தில் படை நகர்ந்துவிடாது.

விஜயநாராயணத்துக் கோபுரங்களையே பாருங்கள். நாட்டின் மிக உயரமான கட்டுமானங்களில் சேர்ந்தவை அவை. அவ்வளவு உயரம் எதற்கு? கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப. உப்புத் தண்ணீர் சாதாரண ரேடியோ அலையை விழுங்கிவிடும். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள மிகத் தாழ்ந்த அலைவரிசையோ கடலுக்குள் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை இறங்கும். அந்த அலையின் நீளமே 10 முதல் 100 கிலோமீட்டர். அதை வீச ஆன்டெனாவும் அதற்கேற்ற ஆகிருதியில் வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல் பின்னால் நீண்ட கம்பியை மிதக்கவிட்டுச் செய்தியைக் கேட்டுக்கொள்ளும். பதில் சொல்லாது, இவ்வளவு பெரிய ஆன்டெனாவைக் கப்பலில் கட்டவும் முடியாது. வேகமும் மிகக் குறைவு. குரல் போகாது, சுருக்கமான குறியீட்டுச் செய்திதான் போகும். கம்பெனிப் படையை எதிர்த்து நின்று 1799இல் கயத்தாற்றில் தூக்கிலேறியவர் பெயரில் ஒரு கடற்படை நிலையம், அதுவும் கடல் கண்ணுக்குத் தெரியாத நாங்குநேரிக் காட்டில்!

இந்த நிலையத்தைக் கட்டியதும் ஆள் போட்டதும் கரண்ட் பில் கட்டுவதும் பாதுகாப்பு அமைச்சகத்தின் பணம். ஆனால் நீர்மூழ்கிக்கு அனுப்ப அணு ஆயுதம் தொடர்பான உத்தரவு என்று ஒன்று வந்தால் அதைத் தரும் அதிகாரம் அமைச்சகத்திடம் இல்லை. 2003 ஜனவரி 4 அன்று அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி பிரதமர் தலைமையிலான அரசியல் குழு மட்டுமே அதை அனுமதிக்க முடியும். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தலைமையிலான நிர்வாகக் குழு அதற்கு ஆலோசனை தரும், உத்தரவை நடப்பாக்கும். தீனி போட்டு மாட்டை வளர்ப்பது ஒருத்தர், ஏரில் பூட்டச் சொல்வது இன்னொருத்தர். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

அமைச்சகத்துக்குள்ளேயும் இதே பிரிவினை உண்டு. துறைகள் ஐந்து. பாதுகாப்புத் துறை கொள்கை, பட்ஜெட், கொள்முதல், கடலோரக் காவல்படை, என்.சி.சி. போன்றவற்றைப் பார்க்கும். பாளையங்கோட்டைக் கல்லூரி மைதானங்களில் சனி ஞாயிறு அணிவகுக்கும் பிள்ளைகளின் கயிறு போய்ச் சேரும் இடம் இதுதான். பாதுகாப்பு உற்பத்தித் துறை 1962 சீனப் போரை ஒட்டி வந்தது. ஆராய்ச்சித் துறை 1980இல். முன்னாள் படைவீரர் நலத் துறை 2004இல். கடைசியாக, முப்படைத் தலைமைத் தளபதி பதவி உண்டானபோது, 2020 தொடங்கும் தறுவாயில், ராணுவ விவகாரத் துறை வந்தது.

கடைசித் துறைதான் விவாதத்துக்குரியது. முப்படைத் தலைமைத் தளபதி ஒரே நேரத்தில் சீருடை அணிந்த ஆலோசகர், ராணுவ விவகாரத் துறையின் செயலர், முப்படைத் தளபதிகள் குழுவின் நிரந்தரத் தலைவர். மூன்று நாற்காலி, ஒரு ஆள். இந்த வழக்கு பழையது. 1905இல் வைஸ்ராய் கர்சனுக்கும் தளபதி கிச்சனருக்கும் இதே சண்டைதான் நடந்தது. படையை நடத்துபவரே அரசின் ஒரே ராணுவ ஆலோசகராகவும் இருக்கலாமா, அவர் சொல்வதைச் சரிபார்க்கத் தனி உறுப்பினர் வேண்டாமா? லண்டன் கிச்சனர் பக்கம் சாய்ந்தது, கர்சன் பதவி விலகினார். சுதந்திர இந்தியா எதிர்த்திசையில் போனது. 1947இலேயே மூன்று படைக்கும் தனித்தனித் தளபதிகள் என்றானது, 1955இல் கமாண்டர்-இன்-சீஃப் என்ற பட்டமே எடுக்கப்பட்டது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. படைத் தலைமையகங்கள் அமைச்சகத்தின் 'இணைப்பு அலுவலகங்கள்' என்ற அந்தஸ்தில் பல பத்தாண்டுகள் கிடந்தன. ஒரு தளபதி அனுப்பும் கோப்பு, ஆயுதம் எதையும் பார்த்திராத அதிகாரியின் மேஜையில் மாதக்கணக்கில் காத்திருந்தது. 2020 மாற்றம் அதைச் சரிசெய்யத்தான். முதல் தலைமைத் தளபதி பிபின் ராவத் 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த பிறகு அந்த நாற்காலி ஒன்பது மாதத்துக்கு மேல் காலியாகவே கிடந்தது. அவ்வளவு அவசியம் என்று சொல்லி உண்டாக்கிய பதவியை அவ்வளவு நாள் நிரப்பாமல் விட்டது, எந்தக் காரணம் சொன்னாலும், நல்ல நிர்வாகம் ஆகாது.

பணத்துக்கு வருவோம். 2025-26 பட்ஜெட்டில் அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய், மத்திய அரசின் மொத்தச் செலவில் 13.45 சதவீதம். அதை 100 ரூபாயாக நினைத்துக்கொண்டால் சுமார் 46 ரூபாய் சம்பளம், எரிபொருள், பராமரிப்பு என்று அன்றாடத்துக்குப் போகிறது. 26 ரூபாய் புதிய கருவிகளும் கட்டுமானமும். 24 ரூபாய் பென்ஷன். மீதி 4 ரூபாய் அமைச்சகத்தின் சிவில் அமைப்புகளுக்கு. நாடாளுமன்றத்தில் இவை நான்கு தனித்தனி மானியக் கோரிக்கைகளாக, அதாவது செலவுக்கு அனுமதி கேட்கும் தனித்தனிப் பட்டியல்களாக, வருகின்றன. ஒரு கோரிக்கையில் மிச்சப்பட்டதை இன்னொன்றுக்கு அமைச்சகம் தன்னிச்சையாகத் திருப்ப முடியாது. மார்ச் 31க்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும். ஆயுதக் கொள்முதலோ ஆண்டுக் கணக்கில் இழுப்பது. இந்த இரண்டும் மோதுவதால்தான் ஆண்டு முடிந்தாலும் காலாவதியாகாத நவீனமயமாக்கல் நிதி ஒன்று வேண்டும் என்று 15ஆவது நிதிக் குழு பரிந்துரைத்தது.

கொள்முதல் ஏன் இழுக்கிறது என்பதற்கு ஊழல், சோம்பேறித்தனம் என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவர்கள் அதிகம். படிகளைப் பார்த்தால் வேறு விஷயம் தெரியும். முதலில் படை தனக்கு என்ன திறன் வேண்டும் என்று தர அளவை எழுதுகிறது. சந்தையில் என்ன கிடைக்கிறது என்று நிறுவனங்களிடம் தகவல் கேட்கப்படுகிறது. பிறகு பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் மன்றம் 'தேவைதான்' என்று ஒப்புதல் தருகிறது. செய்தித்தாளில் 'இத்தனை ஆயிரம் கோடிக்கு ஒப்புதல்' என்று வருவது இந்தப் படிதான். வாங்கியாயிற்று என்று அர்த்தமில்லை. அதன் பிறகே டெண்டர், தொழில்நுட்ப மதிப்பீடு, களச் சோதனை, விலைப்பேச்சு, நிதிப் பிரிவின் சம்மதம், கடைசியாக ஒப்பந்தம்.

இதில் கெடுவது பெரும்பாலும் முதல் படியில். உலகத்தில் உள்ள நல்ல அம்சங்களையெல்லாம் ஒரே கருவியில் கேட்டு எழுதிவிடுவார்கள். இந்த நாட்டுத் துப்பாக்கியின் எடை, அந்த நாட்டுத் துப்பாக்கியின் தூரம். அப்படி ஒரு பொருளை யாரும் செய்வதில்லை. சோதனையில் எல்லாம் தோற்கும், அல்லது ஒரே ஒரு நிறுவனம் தேறும். ஒரே நிறுவனம் என்றால் போட்டி இல்லை, தணிக்கை கேள்வி கேட்கும், அதற்குப் பயந்து கோப்பு பின்வாங்கும். அடுத்த சிக்கல் சோதனை. ராஜஸ்தான் வெயிலிலும் லடாக் குளிரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கோடை தவறினால் ஒரு வருடம் போயிற்று. அதற்குள் விலைப்புள்ளியின் கெடு முடிந்துவிடும். கல்யாண மண்டபத்துக்குத் தேதி கிடைத்தபோது மாப்பிள்ளைக்கு லீவு இல்லாத கதை.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நெல்லையும் தூத்துக்குடியும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் தண்ணீர் நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் எப்போது வரும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். ஹெலிகாப்டர் எப்படிக் கிளம்புகிறது என்று தெரிந்துகொள்ள அது ஒரு சரியான பாடம்.

பேரிடரில் முதல் பொறுப்பு மாவட்ட நிர்வாகம். அடுத்து மாநிலப் பேரிடர் மீட்புப் படை. அடுத்து தேசியப் பேரிடர் மீட்புப் படை. அரக்கோணத்தில் இருக்கும் அந்தப் பட்டாலியன் உள்துறையின் கீழ் வருவது, ராணுவம் இல்லை. சிவில் நிர்வாகத்தின் கைக்கு மீறினால்தான் முப்படையை அழைப்பது. அழைப்பது ராணுவம் அல்ல, சிவில் நிர்வாகம், இது முக்கியம். மாநில அரசு மத்திய அரசைக் கேட்கும், அங்கிருந்து பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் படைத் தலைமையகங்களுக்கும் போகும். ஆனால் உயிர் போகிற அவசரத்தில் கலெக்டர் அருகிலுள்ள படைப் பிரிவின் தளபதியை நேராகவே கேட்கலாம்; அவர் இறங்கிவிட்டு மேலே தகவல் சொல்லலாம்.

அந்தக் கோரிக்கையை எழுதுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. '200 பேர் அனுப்புங்கள்' என்று எழுதக் கூடாது. என்ன வேலை, எந்த இடம், எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள், எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே ஹெலிகாப்டர் இறங்கத் திடல் இருக்கிறது, உள்ளூரில் யாரைத் தொடர்புகொள்வது என்று எழுத வேண்டும். எத்தனை ஆள், என்ன கருவி என்பதைத் தளபதி முடிவு செய்வார். தாமிரபரணிக் கரையில் இது ரொம்பவே பொருந்தும்: வாழைத் தோட்டமும் நெல் வயலும் மூழ்கிக் கிடக்கும்போது மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். எந்த ஊர் எந்தத் திசை என்று சொல்ல ஒரு வி.ஏ.ஓ. இல்லாவிட்டால் உணவுப் பொட்டலம் ஆளில்லாத மேட்டில் விழும்.

கலவரத்துக்கு அழைப்பதும் இதே மாதிரிதான், சட்டம் மட்டும் வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 149ஆம் பிரிவில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 130, நிர்வாக மாஜிஸ்திரேட் ராணுவத்தை அழைக்கலாம். எப்படிச் செய்வது என்பது ராணுவ அதிகாரியின் முடிவு; ஆனால் முடிந்தவரை குறைந்த பலம், குறைந்த சேதம் என்று சட்டமே அவரைக் கட்டுகிறது.

வேலை முடிந்த பிறகு பில் வரும். பலருக்கு இது தெரியாது. மீட்புக்குப் பறந்த விமானங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் மாநிலத்திடம் கட்டணம் கேட்கும். கேரளத்திடம் 2024இல், வயநாடு நிலச்சரிவு உட்பட, 132 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டபோது பெரிய சர்ச்சை ஆனது. கணக்கு விதிப்படி அது சரி. அமைச்சகத்துக்கு நாடாளுமன்றம் கொடுத்த பணம் நாட்டைக் காக்க, மீட்பு வேலை மாநிலத்தின் பொறுப்பு, ஆகவே செலவும் அங்கே என்கிறது தர்க்கம். ஆனால் நிலச்சரிவின் புண் ஆறுவதற்குள் பழைய பாக்கிக்கும் சேர்த்துக் கடிதம் அனுப்புவதற்கு ஒரு தனி மனம் வேண்டும்.

கடலுக்குப் போனால் இன்னொரு கோடு. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் படகு காணாமல் போனால் 1093 அடித்தால் மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், அது போலீஸ். 1554 அடித்தால் கடலோரக் காவல்படை, அது பாதுகாப்பு அமைச்சகம். ஆழ்கடலில் தேட இரண்டாமவரிடம்தான் கப்பலும் விமானமும் உண்டு. இரண்டையும் அடிப்பதே நல்லது. சொல்ல வேண்டியது படகின் பதிவு எண், நிறம், கிளம்பிய இடமும் நேரமும், ஆள் எண்ணிக்கை, கடைசியாகப் பேசியபோது இருந்த ஜி.பி.எஸ். அளவு. 'தெற்கே போனான்' என்றால் கடலில் தெற்கு பெரிது.

இனி பென்ஷன். பட்ஜெட்டின் 100 ரூபாயில் 24 ரூபாய் என்று மேலே சொன்னது இந்தப் பக்கத்து ஊர்களில்தான் முகம் பெறுகிறது. அமைச்சகம் நெல்லைக்காரருக்கு நேராகத் தட்டுப்படும் இடமும் இதுவே. சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டு முடித்தால் பென்ஷன், அதிகாரிக்கு 20. 2004 ஜனவரி 1க்குப் பிறகு சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களைப் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்குத் தள்ளியபோது முப்படைக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்து வெளியே வரும் முக்கால்வாசிப் பேருக்குப் பென்ஷன் கிடையாது, சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதிதான். பென்ஷன் செலவைப் பார்த்துப் பயந்துதான் இது என்று அமைச்சகம் ஒப்புக்கொள்ளாது. மேலே உள்ள கணக்கைப் பார்த்தால் நாமே ஒரு முடிவுக்கு வரலாம்.

இப்போது பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற இணைய ஏற்பாட்டில் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்திலிருந்து நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. முன்பு வங்கியே கணக்குப் போட்டுக் கொடுத்தது. இந்த மாற்றத்தில் நம் பக்கத்து மக்கள் சிக்கிக்கொள்ளும் முதல் இடம்: பெயர். இசக்கியம்மாளின் பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், ஆதாரில் 'ஐ'யில். சுடலைமாடன் ஒரு தாளில் ஒரே சொல், இன்னொன்றில் இரண்டு. இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், இனிஷியலை விரித்து அப்பா பெயர் கடைசியில். வடக்கே உட்கார்ந்திருக்கும் கணினிக்கு இவை மூன்று ஆட்கள். கணவர் இருக்கும்வரை யாரும் கண்டுகொள்வதில்லை. அவர் இறந்து குடும்ப பென்ஷனுக்கு விண்ணப்பிக்கும் அன்றுதான் 'மனைவி பெயர் பொருந்தவில்லை' என்று கோப்பு நிற்கும்.

இதைத் திருத்தும் அதிகாரம் வங்கிக்கும் இல்லை, பிரயாக்ராஜுக்கும் இல்லை. பணிப்பதிவேடுகளை வைத்திருக்கும் அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்தான் திருத்த வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். மெட்ராஸ் என்ஜினியர்ஸ் என்றால் பெங்களூர். சிக்னல்ஸ் ஜபல்பூர், பீரங்கிப்படை நாசிக், இ.எம்.இ. என்னும் மின், இயந்திரப் பொறியாளர் படை செகந்திராபாத். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்ட், விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்னும் பென்ஷன் உத்தரவு, இருவரின் ஆதார், பெயர் வேறுபாட்டுக்கு ஒரு அஃபிடவிட் ஆகியவற்றின் நகலுடன், சர்வீஸ் எண், ரேங்க், பெயர் மூன்றையும் முதல் வரியிலேயே எழுதி மனு அனுப்ப வேண்டும். சர்வீஸ் எண் இல்லாத கடிதம் அங்கே அநாதை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநர் மூலம் அனுப்பினால் மேலொப்பம் கிடைக்கும், தடமும் இருக்கும். அந்த அலுவலகம் மாநில அரசுடையது. டெல்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டின் கடைசிக் கண்ணி. வழிகாட்டும், பரிந்துரைக்கும், பென்ஷனை உத்தரவிடாது. அங்கே போய்ச் சத்தம் போடுவதில் பயனில்லை.

மனைவியின் பிறந்த தேதியையும் கணவர் உயிரோடு இருக்கும்போதே சரிபார்த்துவிட வேண்டும். 80 வயதுக்கு மேல் கூடுதல் பென்ஷன் அந்தத் தேதியை வைத்துத்தான். குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வுக்குப் பின் இறந்தால் முதல் 7 ஆண்டு வரை, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள் வரை, எது முந்தியோ அதுவரை உயர்த்தப்பட்ட விகிதம்.

ஆண்டுக்கு ஒருமுறை தரும் உயிர்வாழ்ச் சான்றில் இன்னொரு பள்ளம். ஜீவன் பிரமாண் செயலியில் பென்ஷன் வழங்கும் அமைப்பு எது என்று கேட்கும் இடத்தில், சேவை மையத்துப் பையன் பழக்கத்தில் பாஸ்புக்கைப் பார்த்து வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுவான். சான்று வங்கிக்குப் போகும், ஸ்பர்ஷுக்குப் போகாது, பென்ஷன் நிற்கும். ஸ்பர்ஷில் இருப்பவர்கள் பட்டியலில் 'ஸ்பர்ஷ் – பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ், அலகாபாத்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர்ப் பெயர் பிரயாக்ராஜ் ஆனது, பட்டியலில் அலகாபாத்தாகத்தான் தேட வேண்டும். முடித்ததும் வரும் சான்று எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, சில நாள் கழித்து ஸ்பர்ஷில் நுழைந்து அடுத்த கெடு தேதி மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறவில்லை என்றால் சான்று போய்ச் சேரவில்லை.

எல்லாம் செய்தும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் 2007 சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதன் கிளை சென்னையில்.

மகேந்திரகிரி வாசலில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். ஏட்டு ஓய்வு பெற்று நாங்குநேரிக்கே திரும்பினாலும் இந்தப் பாதை எதுவும் அவருக்கு இல்லை. ஸ்பர்ஷ் இல்லை, ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் இல்லை, ராணுவக் கேன்டீன் அட்டை இல்லை, சென்னைத் தீர்ப்பாயமும் இல்லை. பழைய பென்ஷன் திட்டத்தில் வருபவராக இருந்தால், மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் வழியாக அவர் வங்கிக்குப் பணம் வரும். அவர் மட்டும் ஜீவன் பிரமாணில் வங்கியின் பெயரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.